குடிசைவாசிகள் கேட்ட அப்பீல் அனுமதி

கீழ்க் கோர்ட்டில் தோற்றவன் மேல் கோர்ட்டுக்குப் போக விரும்பினால், பல தேசங்களில் அவன் நேரே உள்ளே நுழைந்துவிட முடியாது. ‘வரலாமா?’ என்று வாசலில் நின்று முதலில் விண்ணப்பம் செய்துகொள்ள வேண்டும். இதையே வக்கீல்கள் அப்பீல் அனுமதி என்கிறார்கள். பெரிய கம்பெனிகளுக்கு இது வெறும் சடங்கு. அனுமதி கிடைக்காவிட்டால் அவற்றின் லாபத்தில் கொஞ்சம் குறையும், அவ்வளவே. ஆனால், சர்க்கார் நிலத்தில் குடிசை போட்டு வாழும் ஒருவனைக் காலி செய்யும்படி உத்தரவு பிறந்திருக்கும்போது, அந்த அனுமதி மனுவே அவனுடைய வழக்கு முழுவதும் ஆகிவிடுகிறது. மனு தள்ளுபடியானால் மறுநாள் காலையில் அமீனா வந்துவிடுவார்.

ஏழைகள் போடும் இத்தகைய மனுக்களைப் பற்றி உத்தியோகஸ்தர்களுக்கு நிலையான அபிப்பிராயம் ஒன்று உண்டு. ‘இது காலங்கடத்தும் தந்திரம்; பொதுக் காரியத்துக்கு முட்டுக்கட்டை; வீடு கட்டிக்கொடுக்க நாங்கள் தயாராயிருக்கையில் வக்கீல்கள் குறுக்கே விழுகிறார்கள்’ என்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. காலம் கடக்கிறது என்பது மெய்தான். அவ்வாறு கடக்கும் காலம் யாருக்கு என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. இதற்குப் பதில் சொல்லும் வழக்கு ஒன்று தென்னாப்பிரிக்காவில் 2007 முதல் 2011 வரை நடந்தது. சட்டம் படித்தவர்கள் மட்டுமின்றி, சுதந்திரம் பெற்ற நாட்டில் ஏழைகளின் கதி என்ன என்று கவலைப்படும் எல்லோரும் அறிய வேண்டிய வழக்கு அது.

கேப் டவுன் நகரத்தில் லாங்கா என்று ஓர் ஆப்பிரிக்கக் குடியிருப்பு இருக்கிறது. 1927-இல் வெள்ளையர் ஆட்சி ஏற்படுத்தியது. வெள்ளையரை எதிர்த்து ராபன் தீவில் சிறையிருந்த லங்கலிபலேலே என்ற தலைவரின் பெயரையே அதற்கு இட்டார்கள். ஆள்பவர்களுக்கு அவ்வப்போது இத்தகைய வேடிக்கைகள் தோன்றுவதுண்டு. அந்த லாங்காவின் ஓரத்தில், விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வரும் என்-2 நெடுஞ்சாலையை ஒட்டி, 1990-களின் தொடக்கத்தில் ஜனங்கள் தகரத்தாலும் பலகையாலும் குடிசை போட்டுக்கொண்டு குடியேறினார்கள். கிராமத்தில் பிழைப்பில்லாமல் நகரத்துக்கு வேலை தேடி வந்தவர்களும், லாங்காவில் பிறர் வீட்டுக் கொல்லையில் கொட்டகை போட்டு வாழ்ந்தவர்களும் அங்கே வந்தார்கள். நாளடைவில் அது சுமார் 20,000 பேர் வாழும் ஊராக வளர்ந்தது. நகரசபை தண்ணீர்க் குழாய் போட்டது. கழிப்பிட வசதி செய்தது. குடிசைகளுக்கு நம்பர் கொடுத்தது. பின்பு மின்சாரமும் தந்தது. அந்த ஊருக்கு ஜனங்கள் இட்ட பெயர் ஜோ ஸ்லோவோ. நிறவெறி ஆட்சியை எதிர்த்து ஆயுள் முழுதும் போராடி, 1994-இல் மண்டேலாவின் மந்திரிசபையில் முதல் வீட்டு வசதி மந்திரியாக அமர்ந்து, 1995 ஜனவரியில் காலமான தேசபக்தர் அவர். வீட்டு வசதி மந்திரியின் பெயரைக் குடிசை ஊருக்கு வைத்த ஜனங்களுக்குத் தங்கள் சர்க்காரிடம் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பதை நேயர்கள் ஊகிக்கலாம்.

2004-இல் சர்க்கார் என்-2 வாயில் திட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தது. நெடுஞ்சாலை ஓரத்திலுள்ள குடிசைகளை அகற்றி, அந்த இடங்களில் நல்ல வீடுகள் கட்டுவது நோக்கம். நோக்கத்தில் குற்றமில்லை. குடிசை வாழ்வு சொர்க்கமென்று நாம் சொல்லவில்லை. 2005 ஜனவரியில் ஜோ ஸ்லோவோவில் தீப்பிடித்து ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். குடிசைகள் நெருக்கமாயிருந்தால் ஒரு பொறி போதும். தீயில் வீடிழந்தவர்களில் பலரை சர்க்கார் டெல்ப்ட் என்னும் இடத்துக்குக் கொண்டுபோய்த் தற்காலிகக் கொட்டகைகளில் வைத்தது. லாங்காவிலிருந்து டெல்ப்ட் சுமார் 15 கிலோ மீட்டர். லாங்காவில் ரயில் நிலையம் உண்டு. டெல்ப்ட்டில் ரயில் இல்லை. கூலி வேலைக்குப் போகிறவனுக்கு இந்த வித்தியாசம் என்ன என்பதை நாம் விவரிக்க வேண்டுவதில்லை.

கட்டப்போகும் வீடுகளில் நூற்றுக்கு எழுபது ஜோ ஸ்லோவோவாசிகளுக்கும், முப்பது லாங்காவில் பிறர் கொல்லைகளில் குடியிருப்பவர்களுக்கும் என்று வாக்களிக்கப்பட்டது. முதல் பகுதியில் சுமார் 700 வாடகை வீடுகள் கட்டி முடிந்தன. முன்பு சொன்னதைக் காட்டிலும் வாடகை மிகவும் உயர்ந்திருந்ததால், குடிசைவாசிகளில் பெரும்பாலோரால் அங்கே போக முடியவில்லை. இரண்டாவது பகுதி வந்தபோது, அது பாங்கியில் கடன் வாங்கத் தகுதியுள்ளவர்களுக்கான வீடுகள் என்று தெரிந்தது. அன்றாடக் கூலிக்காரனுக்கு எந்தப் பாங்கி கடன் கொடுக்கும்? மூன்றாவது பகுதிக்காக இடத்தைக் காலி செய்துகொண்டு டெல்ப்ட்டுக்குப் போங்கள், வீடு கட்டியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று சர்க்கார் சொல்லியபோது, ஜனங்கள் நம்ப மறுத்துவிட்டார்கள். இரண்டு முறை ஏமாந்தவன் மூன்றாம் முறை நம்பாததைப் பிடிவாதம் என்று கூறுவது நியாயமாகாது. 2007 செப்டம்பரில் அவர்கள் என்-2 நெடுஞ்சாலையை மறித்தார்கள். போலீஸார் அவர்களைக் கலைத்தார்கள். அதே மாதத்தில் சர்க்கார் கோர்ட்டுக்குப் போயிற்று.

வழக்குத் தொடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். திட்டத்தை நடத்திய துபெலிஷா ஹோம்ஸ் என்னும் சர்க்கார் கம்பெனி, மத்திய வீட்டு வசதி மந்திரி, மேற்குக் கேப் மாகாண வீட்டு வசதி மந்திரி. அப்போது மத்திய மந்திரியாயிருந்தவர் லிண்டிவே ஸிஸுலு. மண்டேலாவுடன் ராபன் தீவில் சிறையிருந்த வால்டர் ஸிஸுலுவின் புதல்வி. ஜோ ஸ்லோவோ வகித்த மந்திரி பதவியில் அமர்ந்தவர், ஜோ ஸ்லோவோ என்ற ஊரையே காலி செய்யக் கோரி வழக்காடினார். எந்த மந்திரியின் மனத்தையும் நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால், சுயராஜ்யம் வந்தபின் அதிகார பீடம் எவ்வளவு சீக்கிரம் பழைய பாஷையைக் கற்றுக்கொள்கிறது என்பதை இங்கே கவனிக்காமல் இருக்க முடியாது.

பழைய பாஷை என்று சொன்னோம். அதற்குக் காரணம் உண்டு. 1951-இல் வெள்ளை சர்க்கார் செய்த சட்டம் ஒன்று, அனுமதியில்லாமல் குடியேறியவர்களின் குடிசைகளைக் கோர்ட்டு உத்தரவுகூட இல்லாமல் இடிக்க இடமளித்தது. 1950-இன் வட்டாரப் பிரிவினைச் சட்டத்தின்படி கேப் டவுனில் ஆறாவது வட்டாரம் 1966-இல் வெள்ளையருக்கென்று பிரகடனம் செய்யப்பட்டு, 60,000-க்கு மேற்பட்டவர்கள் நகரத்துக்கு வெளியே மணல்வெளிக்குத் துரத்தப்பட்டார்கள். டர்பனில் கேட்டோ மானர் பகுதியில் தலைமுறைகளாகக் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த இந்தியர்கள், அவர்களில் எத்தனையோ தமிழர்கள், 1960-களில் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்பட்டார்கள். நம்மவர்களும் பட்ட துன்பம் அது. இந்த வரலாற்றை மனத்திற்கொண்டே, 1996-இல் எழுதப்பட்ட அரசியல் சாசனத்தின் 26-வது பிரிவு, போதிய வீட்டு வசதியைப் பெறும் உரிமை யாவருக்கும் உண்டு என்று கூறுவதோடு நிற்காமல், எல்லா நிலைமைகளையும் ஆராய்ந்து ஒரு கோர்ட்டு உத்தரவிட்டாலன்றி எவரையும் வீட்டைவிட்டு வெளியேற்றலாகாது என்றும் விதித்தது. 1998-இல் வந்த சட்டம் 1951 சட்டத்தை ரத்து செய்து, வெளியேற்றுவது நியாயமும் நேர்மையும் ஆகுமா என்று ஜட்ஜுகள் பார்த்தே தீரவேண்டும் என்றது.

சட்டம் இவ்வளவு நன்றாயிருந்தும், 2008 மார்ச்சில் கேப் டவுன் ஹைகோர்ட்டு குடிசைவாசிகளுக்கு விரோதமாகத் தீர்ப்பளித்தது. 4,386 குடும்பங்கள், ஒரு கால அட்டவணைப்படி, ஊரைக் காலி செய்துகொண்டு டெல்ப்ட்டுக்குப் போக வேண்டும் என்பது உத்தரவு. அங்கே திரும்பி வந்தால் எத்தனை பேருக்கு வீடு கிடைக்கும் என்பதற்கு அந்த உத்தரவில் உறுதி இல்லை.

இந்தக் கட்டத்தில்தான் அப்பீல் அனுமதிப் பிரச்னை வருகிறது. சாதாரண வழியில், ஹைகோர்ட்டுத் தீர்ப்பின்மேல் புளூம்பான்டீனிலுள்ள அப்பீல் கோர்ட்டுக்குப் போக வேண்டும். பிறகு ஜோஹானஸ்பர்க்கிலுள்ள அரசியல் சாசனக் கோர்ட்டு. குடிசைவாசிகள் இடைப்படியைத் தாண்டி, நேரே சாசனக் கோர்ட்டிலேயே அனுமதி கேட்டார்கள். இது துணிச்சலான காரியம். மறுத்தால் சாசனக் கோர்ட்டின் கதவு அடைபட்டுவிடலாம். அனுமதி கொடுப்பதற்கு அந்தக் கோர்ட்டு வைத்திருக்கும் அளவுகோல் ‘நியாயத்தின் நலன்’ என்பது. ஜெயிக்கக்கூடிய வழக்கா என்பதைப் பார்ப்பார்கள். அது ஒன்றையே பார்ப்பதில்லை. விஷயம் அரசியல் சாசனத்தைத் தொடுகிறதா, பொது ஜனங்களுக்கு முக்கியமானதா, இப்போதே கேட்பது அவசியமா என்றும் பார்ப்பார்கள். 20,000 பேருடைய வீடு போகிறது என்ற வழக்கில் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை தேட வேண்டியதில்லை.

இன்னொரு சிறு விஷயம், சட்டப் புத்தகத்தின் மூலையில் கிடப்பது, இந்த வழக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிதாயிற்று. தென்னாப்பிரிக்க வழக்கப்படி, அனுமதி மனு தாக்கலானவுடன், வேறுவிதமாகக் கோர்ட்டு சொன்னாலன்றி, கீழ்க் கோர்ட்டின் உத்தரவு நின்றுவிடும். குடிசைகள் நின்றன. 2008 ஆகஸ்டு 21-இல் விசாரணை நடந்தது. தீர்ப்பு வந்தது 2009 ஜூன் 10-இல். ஹைகோர்ட்டு உத்தரவிலிருந்து பதினைந்து மாதம்.

நம் நாட்டு நிலைமை இதற்கு நேர் மாறானது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 41-வது ஆர்டர், 5-வது விதி, அப்பீல் போட்டதனாலேயே டிக்ரி நின்றுவிடாது என்று திட்டமாகக் கூறுகிறது. ‘ஸ்டே’ உத்தரவு தனியே கேட்டு வாங்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 136-வது பிரிவின்கீழ் சுப்ரீம் கோர்ட்டில் விசேஷ அனுமதி கேட்பவனுக்கும் அதே கதிதான். அனுமதி மனு ஒரு மனு, தடை மனு ஒரு மனு, இரண்டும் டெல்லியில். நாம் வக்கீலாயிருந்த நாட்களில் ஒரு கட்சிக்காரர் அப்பீலில் ஜெயித்தார். ஜெயித்த செய்தியைச் சொல்லப் போனபோது அவருடைய வீடிருந்த இடத்தில் செங்கல்கூட இல்லை. தீர்ப்பு நகலை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ‘இதை வைத்து என்ன ஐயா செய்வது?’ என்று கேட்டார். இன்றுவரை நமக்குப் பதில் தெரியவில்லை.

ஜோஹானஸ்பர்க்கிற்குத் திரும்புவோம். சாசனக் கோர்ட்டு இருக்கும் குன்று பழைய சிறைக்கோட்டை. 1908-இல் காந்தியடிகள் அடைபட்டிருந்த இடம். சிறையின் ஒரு பகுதியை இடித்து, அந்தச் செங்கற்களைக் கொண்டே நியாயஸ்தலத்தின் சுவரை எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே அமர்ந்திருந்த ஜட்ஜுகளும் லேசானவர்கள் அல்லர். உதவிப் பிரதம நீதிபதி டிக்காங் மொசெனெகெ பதினைந்து வயதில் கைதாகிப் பத்து வருஷம் ராபன் தீவில் இருந்தவர். ஆல்பி ஸாக்ஸ் 1988-இல் நிறவெறி சர்க்காரின் ஆட்கள் வைத்த குண்டினால் ஒரு கையை இழந்தவர். ஜாக் யாக்கூப், டர்பன் இந்தியர், சிறு வயதிலேயே பார்வையை இழந்தும் வக்கீலாகி விடுதலை இயக்கத்துக்கு உழைத்தவர். இத்தகையோர் முன்னிலையில் ஏழைகளுக்கு வெற்றி நிச்சயம் என்றே எவரும் நினைத்திருப்பார்கள்.

வெற்றி கிடைக்கவில்லை. கோர்ட்டு அப்பீல் அனுமதியைக் கொடுத்தது. வெளியேற்றுவது நியாயமே என்றும் தீர்ப்பளித்தது. ஐந்து ஜட்ஜுகள் தனித்தனியே தீர்ப்பு எழுதினார்கள். நகரசபை குழாயும் மின்சாரமும் கொடுத்து இத்தனை வருஷம் விட்டுவைத்ததே, அது குடியிருக்கச் சம்மதித்ததாகாதா என்பது முக்கியமான சட்டக் கேள்வி. இதில் ஜட்ஜுகள் ஒரே மனத்தினராய் இல்லை. மனிதாபிமானத்தால் செய்த உதவி உரிமையாகாது என்றார் ஒரு சாரார். சம்மதம் இருந்தது, ஆனால் அது முடிவடைந்துவிட்டது என்றார் மற்றொரு சாரார். குடிசைவாசிகளுடன் சர்க்கார் கலந்து பேசிய முறையில் குறைகள் இருந்தன என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனாலும், பெரிய வீட்டுத் திட்டம் ஒன்று நடக்க வேண்டுமானால் சிலர் சிறிது காலம் இடம் பெயர வேண்டியதே என்று முடிவு கட்டினார்கள்.

கலந்து பேசாத குற்றத்தைக் கண்டுபிடித்த பிறகும், அந்தக் குற்றம் செய்தவர்களுக்கே உத்தரவு கொடுத்தது நமக்குச் சமாதானமாக இல்லை. வாக்குறுதி இருமுறை தவறியது கண்கூடு. நல்ல நோக்கமுள்ள சர்க்கார் என்பதற்காக அதன் பேச்சைக் கோர்ட்டு நம்புமானால், பிறகு கோர்ட்டு எதற்கு?

ஆனால், இங்கேதான் நேயர்கள் நிதானிக்க வேண்டும். உத்தரவின் பிற்பகுதியில் ஜட்ஜுகள் விதித்த நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். கட்டப்படும் வீடுகளில் நூற்றுக்கு எழுபது ஜோ ஸ்லோவோவாசிகளுக்கே தர வேண்டும். தீ விபத்துக்குப்பின் டெல்ப்ட்டுக்குப் போனவர்களும் அதில் சேர்ந்தவர்கள். வாய்ச்சொல்லாயிருந்த வாக்குறுதி இவ்வாறு கோர்ட்டு உத்தரவாயிற்று. ஒவ்வொரு குடும்பத்தோடும் எப்போது, எப்படிப் போவது என்று கலந்து பேச வேண்டும். டெல்ப்ட்டில் கொடுக்கும் தற்காலிக வீடு 24 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. அதற்குத் தார் ரோடு இருக்க வேண்டும். நம்பர் இருக்க வேண்டும். முன்பணம் கட்டும் மீட்டருடன் மின்சாரம் வேண்டும். கழிப்பிடமும் நல்ல தண்ணீரும் அருகில் இருக்க வேண்டும். பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் போக வண்டி வசதி செய்ய வேண்டும். நடப்பதையெல்லாம் சர்க்கார் கோர்ட்டுக்கு அறிக்கையாகக் கொடுக்க வேண்டும்.

தேசத்தின் மிக உயர்ந்த நியாயஸ்தலம் கூரைத் தகட்டையும் கழிப்பிடத்தையும் பற்றி உத்தரவெழுதலாமா என்று சில சட்ட நிபுணர்கள் முகம் சுளிக்கக்கூடும். நமக்கு அதில் கௌரவக் குறைவு ஒன்றும் தெரியவில்லை. சொத்து வழக்குகளில் வேலி எங்கே, வாய்க்கால் எங்கே என்று ஜட்ஜுகள் அங்குலம் அளந்து எழுதுவதில்லையா? பணக்காரனுடைய வேலிக்குள்ள அந்தஸ்து ஏழையினுடைய கழிப்பிடத்துக்கும் இருக்கட்டும்.

பிறகு நடந்ததுதான் விசித்திரம். 2009 தேர்தலுக்குப்பின் மேற்குக் கேப் மாகாணத்தில் வேறு கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது. புதிய மாகாண வீட்டு வசதி மந்திரி கணக்குப் போட்டுப் பார்த்தார். கோர்ட்டு சொன்ன விதமாக அத்தனை குடும்பங்களையும் டெல்ப்ட்டுக்குக் கொண்டுபோய், சொன்ன மாதிரி வீடு கொடுத்து, வண்டி விட்டு, மறுபடியும் திரும்பக் கொண்டுவரும் செலவு, குடிசைகள் இருக்கும் இடத்திலேயே சிறிது சிறிதாக வீடு கட்டும் செலவைக் காட்டிலும் அதிகமாகிவிடுமோ என்ற சந்தேகம் பிறந்தது. இந்தக் கவலையைக் கோர்ட்டுக்கே தெரிவித்தார்கள். 2009 ஆகஸ்டில் சாசனக் கோர்ட்டு வெளியேற்றும் உத்தரவை நிறுத்தி வைத்தது. மாதங்கள் கழிந்தன, கால அட்டவணைப்படி மாற்றும் வேலை நடக்கவேயில்லை. 2011 மார்ச் 31-இல் சாசனக் கோர்ட்டு, தான் செய்த வெளியேற்ற உத்தரவைத் தானே நீக்கிவிட்டது.

ஆகவே, சட்டத்தில் தோற்ற குடிசைவாசிகள் பூமியில் ஜெயித்தார்கள். இருக்கும் இடத்திலேயே வீடு கட்டலாம் என்று அவர்கள் ஆரம்பத்திலிருந்தே சொல்லி வந்தார்கள். அப்போது அது முடியவே முடியாத காரியம் என்று சர்க்கார் இன்ஜினீயர்கள் சொன்னார்கள். இடம் மாற்றுவதற்கு உண்மையான விலை கொடுக்க வேண்டும் என்று கோர்ட்டு விதித்தவுடன், முடியாதது முடிவதாயிற்று. ஜனங்களை மலிவாகப் பெயர்க்க முடிந்தவரையில்தான் பெயர்ப்பது ‘அவசியமாக’ இருந்தது. நமது அபிப்பிராயத்தில் இந்த வழக்கின் சாரம் இதுவே. ஜட்ஜுகளின் ஐந்து தீர்ப்புகளிலும் இது நேராக எழுதப்படவில்லை.

அனுமதி மனு காலங்கடத்தும் தந்திரம் என்ற வாதத்தை இப்போது மறுபடியும் எடுத்துக்கொள்வோம். மனு இல்லாவிடில் 2008-லேயே ஊர் காலியாகியிருக்கும். எழுபது சதவிகித உறுதி இல்லாமல், வண்டி வசதி இல்லாமல், 24 சதுர மீட்டர் இல்லாமல் போயிருப்பார்கள். வேறு வழி உண்டா என்று கணக்குப் போட ஒருவருக்கும் அவசியம் ஏற்பட்டிராது. கடத்தப்பட்ட காலத்தில்தான் சர்க்காருக்கே புத்தி தெளிந்தது.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. லாங்காவில் பிறர் கொல்லைகளில் வாழ்ந்தவர்களுக்கு முப்பது சதவிகித வீடு என்று சொல்லியிருந்ததே, அவர்களும் ஏழைகள்தாம், அவர்களும் காத்திருந்தார்கள். ஜோ ஸ்லோவோவில் வேலை தடைப்பட்ட ஒவ்வொரு மாதமும் அவர்களுக்கும் தாமதமே. கோர்ட்டில் அவர்கள் கட்சிக்காரர்களாக இல்லாததால், அவர்களுடைய கஷ்டத்தை எடுத்துச் சொல்ல சர்க்கார் வக்கீலைத் தவிர வேறு ஆளில்லை. வழக்காடுகிறவனுக்குக் கிடைக்கும் நியாயம், வழக்காடாதவனுடைய பங்கிலிருந்து வரக்கூடாது. இதற்கு எளிதான பரிகாரம் நமக்குத் தோன்றவில்லை. ஆனால், இரண்டு ஏழைகளுக்கிடையே ஒரு வீட்டைப் போட்டுவிட்டு, ஒருவன் அப்பீல் கேட்டதால் மற்றவன் கெட்டான் என்று உத்தியோகஸ்தர்கள் சொல்வதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. 700 வீடுகளை அவர்களில் பெரும்பாலோரால் கொடுக்க முடியாத வாடகைக்குக் கட்டியது அப்பீல் மனு அல்ல.

அப்பீல் கேட்பது ஏழைகள் மட்டுமல்ல என்பதும் கவனிக்கத்தக்கது. இதே கேப் டவுன் பகுதியில் வாலஸ்டீன் என்னும் இடத்தில் 1999-இல் சுமார் 900 பேர், பாதிக்குமேல் குழந்தைகள், குடிசை இடிக்கப்பட்டு விளையாட்டு மைதானத்தில் மழையில் கிடந்தார்கள். ஹைகோர்ட்டு அவர்களுக்குத் தங்குமிடம் கொடுக்கச் சொன்னது. அந்த உத்தரவின்மேல் சாசனக் கோர்ட்டுக்கு அப்பீல் போனவர்கள் யார்? சர்க்கார். அப்போது காலங்கடத்தல் என்ற சொல்லை எந்த உத்தியோகஸ்தரும் உபயோகிக்கவில்லை. 2000 அக்டோபரில் வந்த தீர்ப்பு உலகப் பிரசித்தி பெற்றது. சட்டக் கல்லூரிகளில் எல்லாம் பாடமாயிற்று. அந்த வழக்குக்குத் தன் பெயரைத் தந்த ஐரீன் க்ரூட்பூம் அம்மையார் 2008-இல் இறந்தபோது அவருக்கு நிரந்தர வீடு கிடைத்திருக்கவில்லை. ஜோ ஸ்லோவோ வழக்கை சாசனக் கோர்ட்டு விசாரித்ததும் அதே வருஷம். வீட்டு உரிமை என்று ஒன்று உண்டு என்ற அழகிய தீர்ப்பைப் பெற்றவருக்கு வீடில்லை. வெளியேறு என்ற தீர்ப்பைப் பெற்றவர்களுக்கு இடம் நிலைத்தது. தீர்ப்பின் வாசகத்தைவிட, தீர்ப்போடு சேர்ந்த நிபந்தனைகளும், அதுவரை நின்ற தடையும் பெரியவை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

நமது சட்டசபைகளிலும் பார்லிமெண்டிலும் உள்ள வக்கீல்கள் இதைக் கவனிப்பார்களாக. குடியிருக்கும் ஒரே வீட்டிலிருந்து வெளியேற்றும் உத்தரவாயிருந்தால், அப்பீல் அனுமதி மனு தாக்கலாகி அது முதல் தடவை ஜட்ஜு முன்னிலைக்கு வரும் வரையிலாவது, உத்தரவு தானே நிற்கும்படி 41-வது ஆர்டரில் ஒரு விதி சேர்ப்பது பெரிய காரியமல்ல. உண்மையான அவசரம் இருந்தால், தடையை நீக்கும்படி சர்க்கார் கேட்டுக்கொள்ளட்டும். இப்போது கேட்க வேண்டிய பாரம் வீடிழப்பவன் தலையில் இருக்கிறது; அதை எடுத்து இடிப்பவன் தலையில் வைத்தால் போதும். சுப்ரீம் கோர்ட்டிலும் ஹைகோர்ட்டுகளிலும் விதிகளை ஜட்ஜுகளே வகுத்துக்கொள்ள அதிகாரம் இருப்பதால், பார்லிமெண்டுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஜோ ஸ்லோவோவில் குடிசைகள் இருந்த இடத்திலேயே பின்பு மாடி வீடுகள் எழும்பின. 2005-இல் தீ விபத்துக்குப்பின் சர்க்கார் சொற்படி, கோர்ட்டையும் வக்கீலையும் நாடாமல், மூட்டையைக் கட்டிக்கொண்டு டெல்ப்ட்டுக்குப் போன குடும்பங்களில் பல, ‘தற்காலிகம்’ என்று கொடுத்த கொட்டகைகளில் பல வருஷங்கள் வாழ்ந்தன.